பூட்டிய வாடியில் ஒரு மிதவை

ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டத்தரணி ஸில்மியாவின் அலுவலகம் திறந்திருப்பதில்லை. அன்று திறந்திருந்தது. கல்முனை நீதிமன்றத்துக்குப் பின்புறமுள்ள அந்தச் சிறிய அறையில், ஒரு காணி வழக்குக்கான வரைபடத்தை முடித்துக் கொடுக்க ஓய்வுபெற்ற நில அளவையாளர் கனகரெத்தினம் வந்திருந்தார். அறுபத்துமூன்று வயது. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்பதற்குள் தேநீர் ஆறிவிடும், அவ்வளவு மௌனம். எல்லைக் கல்லை நகர்த்தியவர் யார் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, கல்லோடு தொடர்பில்லாத விடயங்களுக்கும் ஆட்கள் அவரைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கமீலா வந்தாள். சாய்ந்தமருது மீனவர் காலிதீனின் மனைவி. அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்த தம்பி பஸால், கைத்தொலைபேசி திருத்தும் கடைக்காரன், உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"நேத்து விடிய சுபஹு தொழுதுட்டு இரிக்கக்குள்ள வந்தாங்க, லோயர் தங்கச்சி," என்றாள் கமீலா. "வாடியத் திறக்கச் சொன்னாங்க. ஆணியில இரிந்த சாவிய நான்தான் எடுத்துக் குடுத்தன். வலைக்குக் கீழ மஞ்சள் பந்து மாதிரி ஒரு சாமான். வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்புற மெசினாம். அது எப்பிடி உள்ள வந்த எண்டு தெரியாதெண்டு அவர் சத்தியம் பண்ணினார். கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வாடி என்பது கடற்கரையில் வலையும் இயந்திரமும் வைத்துப் பூட்டும் தகரக் கொட்டில்.

"பயங்கரவாதத் தடைச் சட்டம்," என்று ஸில்மியா கனகரெத்தினத்தைப் பார்த்துச் சொன்னாள். "எழுபத்திரண்டு மணித்தியாலம் வெச்சிருக்கலாம், சேர். செவ்வாய் விடியக்குள்ள முடியுது. அதுக்குள்ள தடுப்புக் கட்டளை வந்திட்டா மாசக்கணக்கு. எந்த ஊர்ல வெப்பாங்க எண்டும் தெரியாது."

காரணம் யாருக்கும் தெரிந்ததே. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களைத் துறைமுகத்தில் விடுவதா வேண்டாமா என்று கொழும்பில் ஒரு மாதமாகச் சண்டை. வியாழக்கிழமை இரவுச் செய்தியில் ஒரு அரசியல்வாதி, கிழக்குக் கடலில் உளவுக் கருவிகள் மிதக்கின்றன, அவற்றை வைத்திருப்பவன் தேசத்துரோகி என்று மேசையில் அடித்துச் சொன்னார். சனிக்கிழமை காலையில் சாய்ந்தமருதில் ஒன்று அகப்பட்டுவிட்டது. தேர்தலும் பக்கத்தில்.

கமீலா தொலைபேசியை நீட்டினாள். சோதனையை ஸிராஜ் என்ற வேட்பாளர் முகநூலில் நேரலையாகக் காட்டியிருந்தார். பொலிஸ்காரர் வலைக்குவியலின் மேல்பகுதியை ஒரே அள்ளலில் தூக்குகிறார். அடியில் மஞ்சளாக, மேலே சூரியத் தகடு பதித்த உருண்டை. மூவரும் குனிந்து பார்த்தார்கள். பஸால் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கனகரெத்தினம் அந்த அள்ளலை நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"வாடியக் கடைசியா எப்ப பூட்டின?"

"வியாழக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு. வெள்ளிக்கிழமை நம்மடாக்கள் கடலுக்குப் போறல்லதானே, ஐயா. சனிக்கிழமை விடியப் போறதுக்கு வலையெல்லாம் ஒழுங்கு பண்ணி வெச்சிட்டுத்தான் வந்தார். சாவி குசினி ஆணியில. வேற சாவி இல்ல."

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஆரும் வந்ததா?"

"ஒருத்தரும் வரல்ல. நான் பகல் முழுக்கக் குசினிக்குள்ள அடுப்படியிலதான்." சற்று நேரம் அழுதாள். "அவங்க அவருக்கு என்ன தின்னக் குடுக்காங்களோ. மாட்டிறைச்சி குடுத்திட்டா கால் வீங்கி எழும்ப ஏலாது. டொக்டர் நிப்பாட்டி ரெண்டு வருசம். நீங்க போனா அதச் சொல்லுங்க. நானும் ஆக்கிறதத் தின்னுறல்ல, ஒரு கிலோ வெள்ளிக்கிழமை ஆக்கினது பாதி அப்பிடியே பிரிஜ்ஜுக்குள்ள கிடக்கு. எனக்கு எப்பவும் அந்த மணம் புடிக்காது."

"மச்சான் ஒண்டும் செய்யல்ல," என்றான் பஸால். அவன் பேசியது அது மட்டும்தான்.

அவர்கள் போனதும் ஸில்மியா மேசையைத் தட்டினாள். "ஸிராஜ்தான், சேர். காலிதீன் மற்றக் கட்சிக்குக் கூட்டம் சேர்த்தவர். பொலிஸோடயே கமெராவும் போயிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"பூட்டு."

"பூட்டுக்கு என்ன?"

"உடையல்ல," என்றார் கனகரெத்தினம். வரைபடத்தைச் சுருட்டி நாடாவால் கட்டினார்.

பிற்பகலில் அவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். வாடிக்கு இப்போது பொலிஸ் முத்திரை. பூட்டில் நெம்பிய கீறல் இல்லை. தகரங்களின் ஆணிகளெல்லாம் துருப்பிடித்து, எவரும் தொடாதவையாக இருந்தன. தகரங்களுக்கிடையில் மட்டும் விரல் நுழையும் இடைவெளிகள்.

காலிதீனின் படகில் வேலை செய்த றஸ்மி ஒரு கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் இருந்தான். தேர்தல் கதையில் இரண்டு வாரமாக அவனுக்கும் காலிதீனுக்கும் பேச்சில்லை; வாடிச் சுவரில் ஸிராஜின் படத்தை ஒட்டியவன் அவன்தான், கிழித்தவர் காலிதீன்.

"அது என்ன சாமான் எண்டு தெரியுமா?" என்று ஸில்மியா கேட்டாள்.

றஸ்மி சிரித்தான். "இதென்ன கேள்வி? வெளிநாட்டுக் கப்பல்காரன்ட மிதவை. அதுக்குக் கீழ எவ்வளவு மீன் நிக்குதெண்டு கப்பலுக்குச் சொல்லும். கயிறு அறுந்தா நீரோட்டத்தோட ஒழுகி வரும். பாலமுனையில ஒண்டு, ஒலுவில்ல ஒண்டு, நானே ரெண்டு கண்டிரிக்கன். இந்தக் கரையில கேட்டா சின்னப்புள்ளையும் சொல்லும்."

"பொலிஸுக்குச் சொன்னீங்களா?"

"ஆரு கேட்ட?"

ஸில்மியா அப்போதே கடற்றொழில் தெரிந்த ஒரு அதிகாரிக்கு அழைத்தாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, மீன் மிதவைதான், பார்த்ததுமே சொல்லலாம் என்றார். எழுதித் தர முடியுமா என்றதும் குரல் மாறியது. ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி, மேலிடத்து அனுமதி வேணும், நான் சொன்னதாக எங்கேயும் எழுதிப்போடாதீங்க. தொடர்பு அறுந்தது. அவள் தொலைபேசியை மணலில் எறியக் கையை ஓங்கி, பிறகு பைக்குள் வைத்தாள். கரையில் எல்லோருக்கும் தெரிந்த பொருள் மேசைக்கு ஏறியதும் மர்மமாகிவிட்டிருந்தது.

கனகரெத்தினம் காணொளியை றஸ்மியிடம் நீட்டினார். "இந்த வலையப் பாருங்க, தம்பி."

றஸ்மி பார்த்தான். முகம் சுளித்தான்; அவன் விரல் திரையிலிருந்த சிக்கை எடுக்கப் போனது. "ஆரு இத அள்ளிப் போட்டது? கீழ பாருங்க, மிதப்பு ஒரு பக்கம், ஈயக்குண்டு ஒரு பக்கம். அது காலிதீன் காக்கா அடுக்கினது. மேல கிடக்கிறது குப்ப. மிதப்பும் ஈயமும் ஒண்டுக்குள்ள ஒண்டு. இத ஏத்திட்டுப் போனா கடல்ல வலை விழாது, சிக்குத்தான் விழும்."

"பொலிஸ் தூக்கினதால குழம்பியிருக்கும்," என்றாள் ஸில்மியா.

"தூக்க முன்னமே அப்பிடித்தான் கிடக்கு," என்றார் கனகரெத்தினம். "கதவு திறந்த உடனே வாற படம் அது."

ஸிராஜ் தன் தேர்தல் அலுவலகத்தில் பதாகைகளுக்கு நடுவே இருந்தார். அவர்களைக் கண்டதும் பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டு, "சர்வேயர் ஐயா என்ட எல்லையையும் அளக்க வந்தீங்களா?" என்றார்.

"பொலிஸுக்கு அறிவிச்சது நீங்கதானே?"

"ஓம். மறைக்க என்ன இரிக்கி? வெள்ளிக்கிழமை பொழுதுபட்டு மஃரிபுக்குப் பொறகு பக்கத்து வாடிக்காரன் ஓடி வந்தான். பூட்டின வாடிக்குள்ள சிவப்பு வெளிச்சம் மின்னி மின்னி வருதெண்டு. போய்த் தகர ஓட்டையால பாத்தன். உடனே பொலிஸுக்குப் போன் எடுத்தன்."

"வியாழக்கிழமை இரவு மின்னல்லையா?"

"அவன் ஒவ்வொரு ராவும் அதாலதான் போறவன். வெள்ளிக்கிழமைதான் முதலாவது."

"அப்ப காலிதீனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே!" என்று ஸில்மியா வெடித்தாள். "நேரலை போடத்தான் தெரிஞ்சதா?"

ஸிராஜின் சிரிப்புப் போய்விட்டது. "தங்கச்சி, ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல, ஈஸ்டர் குண்டு நேரம், நீங்க இந்த ஊர்ல இரிந்தீங்களா? நான் இரிந்தன். பக்கத்து ஒழுங்கையில வெடிச்ச. அதுக்குப் பொறகு, 'உங்களுக்குத் தெரியாமலா நடந்த' எண்டு எத்தனை பேர் கேட்டான் தெரியுமா? இந்த முறை நாங்களே காட்டிக் குடுத்தம் எண்டு இரிக்கட்டும். காலிதீன் என்ட எதிரிதான். ஆனா அதுக்காக இல்ல."

கனகரெத்தினம் எழுந்து கைகூப்பினார். வழியெல்லாம் ஸில்மியா நான்கு விதமாகக் குற்றவாளியை மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் பூட்டில் வந்து முட்டியது.

திங்கட்கிழமை முழுவதும் கதவுகளில் போனது. பொலிஸ் நிலையத்தில் கொழும்பைக் கேள் என்றார்கள். கொழும்பில் நிலையத்தைக் கேள் என்றார்கள். கணவனைப் பார்க்கக் கமீலாவுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அதில் ஒன்று கையொப்பமிடுவதில் போயிற்று. மூன்று மணிக்கு ஸில்மியா, "தடுப்புக் கட்டளைக்குக் கோப்பு பின்னேரம் போகுதாம், சேர். நமக்கிட்ட ஒண்டும் இல்ல," என்றாள்.

"இருக்கு," என்றார் அவர். "நேத்தே இருந்தது. சொல்ல மனம் வரல்ல."

கமீலாவின் வீட்டு மண்டபத்தில் நான்கு பேர் கூடினார்கள்: கமீலா, பஸால், ஸில்மியா, றஸ்மி. றஸ்மி வாசலுக்கருகில் நின்றான். கனகரெத்தினம் நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். மேலே மின்விசிறி சுற்றியது.

"வியாழக்கிழமை வெளிச்சம் இல்ல, வெள்ளிக்கிழமை பொழுதுபட்டதும் இருந்தது," என்று தொடங்கினார். "அப்ப வெள்ளிக்கிழமை பகல் வெச்சிருக்கு. ஜும்ஆ தொழுகை நேரம், கரையில ஆளில்ல. வெச்சவருக்கு வலை அடுக்கத் தெரியாது."

"நான் இல்லண்டு அப்பவே சொன்னன்," என்றான் றஸ்மி.

"நீங்க சொல்லல்ல, உங்கட கை சொன்னது. காணொளியில அந்தச் சிக்கப் பாத்த நேரம் உங்கட விரல் அத எடுக்கப் போனது. தொழில்காரன் வேணுமெண்டாலும் அப்பிடிப் போடமாட்டான். காலிதீனும் வெச்சிருக்க ஏலாது. சனிக்கிழமை விடிய நாலு பேரோட முதல்ல தூக்கப்போற வலை அது. அதுக்குள்ள ஒளிக்கிறவர் கடலுக்குப் போகாதவர்."

"அப்ப ஸிராஜ்!" என்றாள் ஸில்மியா.

"ஸிராஜுக்குச் சாவி ஏது? இந்தக் குசினிக்குள்ள போய் ஆணியில கை வைக்க ஏலுமா?" அவர் கமீலாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, திரும்பவும் கேக்கன். வெள்ளிக்கிழமை ஆர் வந்த?"

"அல்லாஹ் அறிய ஒருத்தரும் வரல்ல, ஐயா."

"காலிதீன் மாட்டிறைச்சி தின்னுறல்ல. உங்களுக்கு மணம் பிடிக்காது. ஒரு கிலோ ஆருக்கு ஆக்கின?"

"தம்பிக்கு. உம்மா மவுத்தாகிப் போன நாளிலேர்ந்து வெள்ளிக்கிழமையில அவன் இஞ்சதானே தின்..."

அவள் நிறுத்தினாள். பஸாலைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள்.

"அவன் வாறத வந்ததெண்டு ஆர் சொல்லுவா?" என்று மெதுவாகக் கேட்டாள். "கட்டாருல ஏழு வருசம் கிடந்து இந்த வூட்ட எனக்குக் கட்டித் தந்தவன் அவன். அவன் என்ன விருந்தாளியா?"

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. அவளுக்கு அதைக் கட்டிக் கொடுப்பது கூடப்பிறந்த ஆண்களின் கடமை. அந்த வீட்டுக்குள் நுழையும் தம்பியை எவரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கமீலா பொய் சொல்லவில்லை என்பதுதான் கனகரெத்தினத்தை ஒரு நாள் முழுவதும் வருத்தியது.

பஸால் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"மூணு மாசத்துக்கு முன்னம் பாலமுனையில ஒருத்தன் கடைக்குக் கொண்டு வந்து தந்தான். சூரியத் தகடு நல்லா இரிந்த. கழற்றி எதுக்காவது பாவிக்கலாம் எண்டு பெட்டிக்குள்ள போட்டு மறந்திட்டன். வியாழக்கிழமை எடுத்து வெயில்ல வெச்சுப் பாத்தன், வேலை செஞ்ச. ராவைக்கு அந்தச் செய்தி."

"கொண்டு போய்க் குடுத்திருக்கலாமே," என்றாள் ஸில்மியா.

"நானா?" அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பத்தொன்பதுல என்ட கடையில இரிந்த ஒரு பழைய வோக்கிடோக்கிக்குப் பதினொரு நாள் உள்ள இரிந்தவன் நான். என்ட பேர் அங்க இரிக்கி, லோயர். கிணத்துக்குள்ள போட நினைச்சன். அந்த நேரம் குர்ஆன் தமிழ்த் தர்ஜுமாவையும் வெட்டுக்கத்தியையும் ஊரே கிணத்துக்குள்ள போட்ட, பொறகு ஆமி வந்து கிணறு கிணறா இறைச்ச. கடல் சாமான் மீன்காரன்ட வாடிக்குள்ள கிடந்தா ஆரு என்ன கேக்கப் போறான் எண்டு நினைச்சன். ஜும்ஆ நேரம் ஆணியில இரிந்த சாவிய எடுத்துட்டுப் போய் வலைக்குள்ள வெச்சிட்டு வந்தன். மச்சான்ட சொன்னா சனிக்கிழமை கொண்டு போய் ஆழத்துல விட்டுருவார். சோறு தின்னக்குள்ள சொல்லத்தான் இரிந்தன். ராத்தா பக்கத்துல நிண்ட. வாய் வரல்ல. அது இருட்டுல மின்னும் எண்டு எனக்குத் தெரியவே தெரியாது. பெட்டிக்குள்ள கிடந்த சாமான்."

வெளியே ஐஸ் வண்டியொன்று மணியடித்துக்கொண்டு போனது.

"சனிக்கிழமையிலேர்ந்து என்னோடதானே இரிந்த," என்றாள் கமீலா. "நான் அழுதத்தப் பாத்துட்டு இரிந்த."

"ஒவ்வொரு வாசலுக்கும் உன்ன ஏத்திட்டுப் போனன், ராத்தா. ஒரு வாசல்லயாவது உள்ள போய்ச் சொல்லிருவன் எண்டுதான்."

ஸில்மியா எழுந்து அங்குமிங்கும் நடந்தாள். நேற்று வரை அவளுக்குத் தேவைப்பட்ட விடை இதுதான். இப்போது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "உடனே பொலிஸுக்குப் போகவேணாம். சத்தியக்கடதாசி ஒண்டு தயாரிப்பம். அந்தப் பாலமுனை ஆளையும் தேடுவம். வெறுங்கையோட போனா ஆள் மாறுமே தவிர வேற ஒண்டும் நடக்காது."

"எத்தனை நாள் வேணும்?" என்று பஸால் கேட்டான்.

"நாலைஞ்சு நாள்."

"மச்சானுக்கு இன்னும் ஒரு ராவுதானே இரிக்கி." அவன் எழுந்து சட்டையைத் தட்டினான். "சேர், நீங்களும் வாங்க. வலை, வெளிச்சம், எல்லாத்தையும் இதே மாதிரிச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

கனகரெத்தினம் சொன்னார். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன் நின்று, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னார். தமிழ் தெரிந்த சார்ஜன் சிங்களத்தில் மாற்றிக்கொண்டே வந்தார். பொறுப்பதிகாரி குறுக்கிடவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"சேருக்கு விளங்குதாம்," என்றார் சார்ஜன். "அவருக்கும் முதல் நாளே மீன்புடிக்கிற சாமான் மாதிரித்தான் தெரிஞ்சதாம். ஆனா விளங்கினத்த எழுத ஏலாது. கொழும்பில நிபுணர் பாத்து அறிக்கை தரணும். அது வரைக்கும் கோப்பில ஒரு பேர் இருக்கணும். காலிதீன் போகலாம். இவர் நிக்கட்டும்."

"அறிக்கை எப்ப வரும்?" என்றாள் ஸில்மியா.

சார்ஜன் அதைப் பொறுப்பதிகாரியிடம் கேட்கவில்லை. தானே பதில் சொன்னார். "போன வருசம் அனுப்பின ஒண்டு இன்னும் வரல்ல, மிஸ்."

ஸில்மியா சட்டத்தின் பிரிவுகளை இலக்கமிட்டுச் சொன்னாள். குரல் உயர்ந்தது. பொறுப்பதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவளோடு உடன்படுவதைப் போலவே இருந்தது. பிறகு பஸாலின் கைத்தொலைபேசியையும் இடுப்புப் பட்டியையும் வாங்கி மேசையில் வைத்தார்கள்.

காலிதீனை வெளியே கொண்டு வந்தபோது ஐந்தரை மணி. மூன்று நாள் தாடி. சாரம் கசங்கியிருந்தது. கமீலா எழுந்து நின்றாள், இருவரும் தொட்டுக்கொள்ளவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். நான்கு வாக்கியம்தான். அவர் இடையில் ஒரு தரம் மட்டும் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"மடையன்," என்றார். "எனக்கிட்டச் சொல்லியிருந்தா..."

ஸில்மியாவின் தொலைபேசி அதிர்ந்தது. இரண்டாவது சந்தேகநபரும் கைது என்று ஸிராஜின் பக்கத்தில் அதற்குள் வந்துவிட்டது. அவள் அதை யாருக்கும் காட்டாமல் அணைத்தாள்.

"முச்சக்கர வண்டி நிக்குது," என்றாள். "வாங்க, வீட்ட போவம். நாளைக்கு விடிய நான் வாறன்."

காலிதீன் வாசலோரத்து நீண்ட மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க கமீலாவக் கூட்டிட்டுப் போங்க, தங்கச்சி. நான் பொறகு வாறன்."

"எப்ப?"

"மச்சானையும் விடட்டும்."

சார்ஜன் வெளியே வந்தார். "காக்கா, உங்களை விட்டாச்சு. இதுல இருக்க ஏலாது."

"விட்டாத்தானே எங்கயும் இரிக்கலாம்," என்றார் காலிதீன். "என்னட்ட மூணு நாளா ஆரோட கதைச்ச, எந்த நாட்டுக்கு அனுப்பின எண்டு கேட்டீங்க. அது என்ன சாமான் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. இருபத்தாறு வருசம் கடல்ல போறன். இப்ப கேளுங்க, சொல்றன். எழுதுங்க. எழுதி முடியுமட்டும் இரிக்கன்."

சார்ஜன் உள்ளே பார்த்தார். அங்கிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை. அவர் போய்விட்டார்.

கமீலா செருப்பைக் கழற்றி வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டுக் கணவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். ஸில்மியா வண்டிக்காரனிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, நின்றபடியே பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தாள். வாங்கின் ஓரத்தில் இன்னும் ஒருவருக்கு இடமிருந்தது. கனகரெத்தினம் அதில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றாள் ஸில்மியா, தாளை முழங்காலில் வைத்து. "முதல்ல இருந்து."